முதுகு முழுக்க டிராகன்: எதைக் கேட்பது, எதை விடுவது?

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 28. வீடு மொரிஷியஸில் குவாத்ரே போர்ன் பக்கம், எபேனில் கணினி வேலை. முதுகு முழுக்க ஜப்பானியப் பாணியில் ஒரு டிராகன் குத்திக்கொள்ள வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பணமும் சேர்த்துவிட்டேன். இணையத்தில் பிடித்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இங்கே ஒரு டாட்டூ கலைஞரிடம் போனேன். "இதை அப்படியே போட மாட்டேன். என்ன வேண்டும் என்று சொல், மற்றதை என்னிடம் விடு" என்றார். இடுப்போடு நிறுத்தினால் நன்றாக இருக்காது, தொடை வரை வர வேண்டும் என்கிறார். முழுப் படத்தை முன்கூட்டியே காட்டவில்லை, முதல் நாள் உடம்பிலேயே வரைவாராம். ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், முன்பணம் வேண்டும் என்கிறார். நான் வருடா வருடம் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன், முதுகிலும் வேல் குத்துவோம். அம்மாவோ "சீனப் பேயை முதுகில் சுமக்கப் போகிறாயா?" என்று கேட்கிறார். இவரை நம்பலாமா?

பதில்: தம்பி, நீங்கள் சந்தேகப்பட்டு எழுதிய முதல் விஷயமே எனக்கு அவர் மேல் மதிப்பு வரக் காரணமாகிவிட்டது. படத்தை அப்படியே போட மறுத்தாரே, அதைத்தான் சொல்கிறேன். அந்தப் படத்தில் இருக்கும் டிராகன் வேறு ஒருவருடைய முதுகுக்காக வரையப்பட்டது. அவருடைய தோள் எவ்வளவு அகலம், இடுப்பு எங்கே ஒடுங்குகிறது, முதுகெலும்பு எங்கே குழிகிறது என்று பார்த்துத்தான் அதன் உடல் சுருண்டிருக்கும். அதை உங்கள் முதுகில் ஒட்டினால், நேராக நிற்கும்போது ஓரளவு சரியாகத் தெரியும். கையைத் தூக்கினால் தோள்பட்டை எலும்பு நகரும். கண்ணோ தாடையோ தப்பான இடத்தில் விழுந்திருந்தால் முகமே கோணிப் போகும். இது தெரிந்தவர்தான் மறுப்பார். அதோடு, அது இன்னொரு கலைஞரின் வரைபடம், இன்னொரு மனிதர் வலி தாங்கிச் சுமக்கும் படம். கேட்டவுடன் நகலெடுத்துத் தருகிறவர், நாளைக்கு உங்களுடையதையும் வேறு ஒருவருக்குப் போட்டுவிடுவார்.

ஜப்பானியப் பாணியில் இந்த மறுப்புக்கு இன்னொரு நியாயமும் உண்டு. அங்கே டாட்டூ தனித்தனிப் படங்களாகச் சேர்வதில்லை. நடுவில் ஒரு பெரிய உருவம் இருக்கும், அதைச் சுற்றிக் காற்று, மேகம், அலை, பாறை என்று கறுப்பும் சாம்பலுமாக ஒரு பின்னணி உடம்பையே மூடி ஓடும். இந்தப் பின்னணியை காகுபோரி என்பார்கள். 1827 வாக்கில் உதாகாவா குனியோஷி என்ற ஓவியர், சீனக் கதை ஒன்றில் வரும் 108 வீரர்களை மர அச்சுப் படங்களாக வெளியிடத் தொடங்கினார். உடம்பெல்லாம் பச்சை குத்திய வீரர்களை அவர் வரைந்த விதத்தைப் பார்த்து எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துக்கே பித்துப் பிடித்தது. அந்த ஊர்த் தீயணைப்பு வீரர்கள் முதுகில் டிராகன் குத்திக்கொண்டார்கள். 1872-இல் அரசு இந்தத் தொழிலையே தடை செய்தது, 1948 வரை தடை நீங்கவில்லை. அத்தனை காலமும் குருவிடமிருந்து சீடனுக்கு மறைவாகக் கைமாறி வந்த கலை இது. வருகிறவர் "எனக்கு டிராகன்" என்று கருவை மட்டும் சொல்வார், உடம்பைப் பார்த்து வரைவது குருவின் வேலை. உங்கள் கலைஞர் அந்த வழக்கப்படிதான் நடந்துகொள்கிறார்.

அதற்காக "அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை. வழக்கம் தெரிந்தவர்போல் பேசுவதும், அந்த வழக்கத்தை முதுகில் செய்து காட்டுவதும் வேறு வேறு. முதல் கோடு விழுவதற்கு முன்னால் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் குடையலாம், கேட்கலாம், எழுந்து போகலாம். கோடு விழுந்த பிறகு ஆளை மாற்றுவது மிகவும் சிரமம். ஒருவர் போட்ட அவுட்லைனை எடுத்துச் செய்யப் பெரும்பாலான கலைஞர்கள் தயங்குவார்கள், எடுத்தாலும் இரண்டு கை பட்ட வேலை என்பது கடைசிவரை தெரியும். அதனால் சந்தேகத்தையெல்லாம் இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் ஆறிய வேலையின் படங்களைக் கேளுங்கள். குத்தி முடித்த கையோடு எடுத்த படம் எல்லாருக்கும் அழகாகத்தான் இருக்கும், மை பளபளக்கும், தோல் இறுகியிருக்கும். இரண்டு மூன்று வருடம் ஆன முதுகைப் பார்த்தால்தான் கோடு தடித்துப் பரவியதா, கறுப்பு திட்டுத்திட்டாக வெளுத்ததா என்று புரியும். அதிலும் நம்மைப் போன்ற மாநிறமும் கறுப்புமான தோலில் செய்ததைக் காட்டச் சொல்லுங்கள். மை தோலின் இரண்டாம் அடுக்கில், ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் நிற்கிறது. அதற்கு மேலே இருக்கும் நம் தோல் நிறத்தின் வழியாகத்தான் அது தெரியும். வெளுத்த தோலில் கண்ணைப் பறிக்கும் இளமஞ்சளும் ரோஜா நிறமும் நம்மிடம் மங்கிவிடும். கறுப்பும் அழுத்தமான சிவப்பும் நன்றாக நிற்கும். நடுவே தோலை வெறுமையாக விட்டுவைத்தால் அந்த வெறுமையே ஒரு நிறமாகிவிடும். இதை நீங்கள் கேட்காமலே அவர் பேசினால் நல்ல அடையாளம். "எந்தக் கலர் வேண்டுமானாலும் போடலாம்" என்றால் யோசியுங்கள்.

முடிந்தால் அவரிடம் முதுகு முழுக்கச் செய்துகொண்ட ஒருவரை நேரில் பாருங்கள். நம் தீவு சின்னது, கேட்டால் கிடைப்பார். அவரிடம் அழகைப் பற்றிக் கேட்காதீர்கள், அதை உங்கள் கண்ணே சொல்லும். "வலி தாங்காமல் நிறுத்தச் சொன்னபோது என்ன சொன்னார்? சொன்ன நேரத்துக்கு வந்தாரா? இடையில் பணம் கூட்டிக் கேட்டாரா? எங்காவது சீழ் கட்டிச் சிவந்தபோது போனை எடுத்தாரா?" இவற்றைக் கேளுங்கள்.

அப்புறம் வரைபடம். உடம்பிலேயே பேனாவால் வரைவது திறமையான முறைதான். அலையும் மேகமும் விலா எலும்பைச் சுற்றி எப்படி ஓட வேண்டும் என்பதைத் தாளில் தீர்மானிக்க முடியாது. ஆனால் டிராகனின் தலை எந்தப் பக்கம், உடல் எப்படிச் சுருளும், நகங்கள் எங்கே வரும் என்று ஒரு சிறு பென்சில் வரைவாவது முன்கூட்டியே காட்ட முடியும், காட்டவும் வேண்டும். உங்கள் முதுகைப் புகைப்படம் எடுத்து அதன் மேல் வரைந்து காட்டச் சொல்லுங்கள், அந்த உழைப்புக்குத் தனியாகப் பணம் தரவும் தயாராக இருங்கள். அதற்கும் மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். அவர் மற்றதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வரைவு காட்டும்போது ஒன்றிரண்டு கேள்வி போடுங்கள். பின்னணி எங்கே முடியும், ஓரம் எப்படி இருக்கும்? டிராகனோடு என்ன பூ, எந்தப் பருவத்துப் பூ? ஜப்பானியப் படத்தில் செர்ரிப் பூ வசந்தத்துக்கு, மேப்பிள் இலை இலையுதிர் காலத்துக்கு. இவற்றைக் கண்டபடி கலக்க மாட்டார்கள். பின்னணியின் ஓரத்தை அலை அலையாக முடிப்பதா, கத்தியால் வெட்டியதுபோல் நிறுத்துவதா, மெல்லக் கரைத்து விடுவதா என்பதற்கெல்லாம் தனித்தனிப் பெயரே உண்டு. அவர் உற்சாகமாக உட்கார்ந்து விளக்கினால் படித்தவர். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மழுப்பினால், ஜப்பானியப் பாணி என்று பெயர்ப்பலகையில்தான் இருக்கிறது என்று அர்த்தம். கையால் குச்சியில் ஊசி கட்டிக் குத்தும் தெபோரி முறையைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள், அதில் மயங்க வேண்டாம். ஜப்பானிலேயே பல குருமார்கள் இன்று கோட்டை மெஷினில் போட்டு ஷேடிங்கை மட்டும் கையால் செய்கிறார்கள்.

தொடை வரை வர வேண்டும் என்று அவர் சொன்னது பணம் பிடுங்கும் தந்திரமாக உங்களுக்குப் பட்டிருக்கலாம். அந்தப் பாணியில் முதுகு என்றால் கழுத்தடியிலிருந்து புட்டம் தாண்டித் தொடையின் தொடக்கம் வரைதான் ஒரே திரை. இடுப்பில் நிறுத்தினால் டிராகனின் வால் பகுதி அறுந்ததுபோல் தெரியும் என்று அவர் கவலைப்படுவது நியாயம். ஆனால் அங்கே குத்துவது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், அல்லது வேறு காரணத்தால் மனம் ஒப்பவில்லை என்றால், ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த எல்லைக்குள் குத்தலாம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அந்த எல்லைக்குள் டிராகன் எப்படிச் சுருள வேண்டும் என்பதை அவரிடம் விடுங்கள். "இடுப்போடுதான், அதற்கேற்றபடி வரையுங்கள்" என்று முதலிலேயே சொன்னால், நல்ல கலைஞர் இடுப்போடு நிறைவாக முடியும் ஒரு டிராகனை யோசிப்பார். பாதியில் சொன்னால் யாராலும் முடியாது. இந்தப் பங்கீட்டை இரண்டு பேரும் முதல் நாளே வாய்விட்டுப் பேசிவிட்டால், பிறகு "செதிலைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள், மேகத்தை இந்தப் பக்கம் தள்ளுங்கள்" என்று ஒவ்வொரு சிட்டிங்கிலும் குறுக்கிட வேண்டியிருக்காது. அப்படிக் குறுக்கிட்டுக் குறுக்கிட்டுக் கெட்டுப்போன முதுகுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இனி காவடி. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். முதலில் ஒரு நல்ல செய்தி: பல வருடம் வேல் குத்திய முதுகு உங்களுடையது, அது ஏற்கெனவே ஒரு பரீட்சை எழுதியிருக்கிறது. பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி நின்று, தம்பியையோ நண்பரையோ விட்டு முதுகைக் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பழைய வேல் தடங்கள் தட்டையான சின்னப் புள்ளிகளாக, சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கறுத்தோ வெளுத்தோ இருந்தால் கவலை இல்லை. தொட்டால் தடித்து, பளபளப்பாக, குத்திய துளையைவிடப் பெரிதாக வளர்ந்து நின்றால் அது கீலாய்டு தழும்பாக இருக்கலாம். நம்மைப் போன்ற தோலில் அது அதிகம் வரும். அப்படி ஒன்று இருந்தாலும் முதலில் தோல் மருத்துவரிடம் போங்கள், அவர் சரி என்று சொல்லும்வரை முன்பணம் தர வேண்டாம்.

புதுப் பச்சையும் வேலும் ஒன்றாகச் சேரக் கூடாது. மேல்தோல் ஆற இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், உள்ளே முழுதாக ஆற அதைவிட அதிகம். நான் என்னிடம் வருகிறவர்களுக்குக் காவடிக்கு முன்னால் மூன்று மாதம் ஊசி படாமல் விடச் சொல்வேன். ஆறிய டாட்டூவின் மேல் வேல் குத்தினால் ஆபத்து என்று இல்லை, ஆனால் துளை ஆறும்போது மை இல்லாத புள்ளி விழலாம். மெல்லிய கோட்டின் மேல், முகத்தின் மேல் விழுந்தால் கண்ணை உறுத்தும். ஆகவே எந்த இடங்களில் வேல் ஏறுகிறது என்று கலைஞருக்குக் காட்டுங்கள், அங்கே அடர்ந்த கறுப்பு மேகம் வரும்படி அவர் அமைக்கலாம். முதுகை விட்டு நெஞ்சிலும் கையிலும் மட்டும் குத்திக்கொள்ள முடியுமா என்று கோவிலில் உங்களுக்கு வேல் குத்தும் பெரியவரிடமும் கேளுங்கள். நேர்த்திக்கடன் உங்களுக்கும் முருகனுக்கும் நடுவில் இருப்பது, அதில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. விரத நாட்களில் மட்டும் சிட்டிங் வைக்காதீர்கள். வெறும் வயிற்றில் மணிக்கணக்காக ஊசிக்கு உட்கார்ந்தால் மயக்கம் வரும்.

நம் பருவமும் இதற்கு ஒத்துழைக்கிறது. தைப்பூசம் வருவது கொளுத்தும் கோடையில். வியர்வை, வெயில், கடல் மூன்றும் புதுப் பச்சைக்கு ஆகாதவை. மே மாதத்தில் தொடங்கி அக்டோபர் வரை சிட்டிங் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு நிறுத்தி, காவடி முடிந்து உடம்பு தேறியதும் அடுத்த மே மாதம் தொடருங்கள். முழு முதுகுக்கு முப்பது நாற்பது மணி நேரம் சாதாரணமாகப் பிடிக்கும், அதற்கு மேலும் போகும். ஒரு சிட்டிங்குக்கு மூன்று முதல் ஐந்து மணி நேரம், அதே இடத்தில் மறுபடி ஊசி பட மூன்று நான்கு வாரமாவது இடைவெளி வேண்டும். கணக்குப் போட்டால் அவர் சொன்ன "ஒரு வருடத்துக்கு மேல்" சரியாகத்தான் வருகிறது. ஒரு மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால்தான் பயப்பட வேண்டும். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் கடற்கரைக்கு நண்பர்கள் கூப்பிட்டால், தோல் உரிந்து ஆறும்வரை மணலில் நிழலோடு சரி, தண்ணீரில் இறங்க வேண்டாம்.

சுத்தம் விஷயத்தில் நம்பிக்கை என்ற பேச்சே வேண்டாம், கண்ணால் பாருங்கள். ஊசி கார்ட்ரிட்ஜின் உறையை உங்கள் முன்னால் பிரிக்க வேண்டும். மை உங்களுக்கென்று புதுக் கிண்ணத்தில் ஊற்றப்பட வேண்டும், மீந்ததைக் கொட்ட வேண்டும். மெஷின், வயர், தண்ணீர் தெளிக்கும் பாட்டில் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை இருக்க வேண்டும். நடுவில் போனைத் தொட்டால் கையுறையைக் கழற்றி வேறு போட வேண்டும். இதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது: வேறு ஒருவருக்கு அவர் குத்தும்போது, அந்த ஆளின் அனுமதியோடு அரை மணி நேரம் ஓரமாக உட்காருங்கள். போன் அடிக்கும்போது அவர் கை எங்கே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். ஹெப்படைடிஸ் பி, சி எல்லாம் இந்தச் சின்ன அலட்சியங்கள் வழியாகவும் வரலாம்.

மை பாட்டிலையும் கையில் வாங்கிப் படியுங்கள். தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து டாட்டூ மையில் சேரும் ஆயிரக்கணக்கான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. அந்த விதிக்கு உட்பட்ட மையா என்று கேளுங்கள். ஒவ்வாமை அதிகம் தருவது சிவப்பு. சிவப்பைக் கடைசியாக வைத்துக்கொண்டு, முதலில் ஒரு பூவிதழ் அளவு போட்டுச் சில வாரம் பார்ப்பது நல்லது. மாதங்கள் கழித்தும் அரிப்பு வரலாம் என்பதால் இது முழு உத்தரவாதம் ஆகாது, ஆனாலும் செய்யுங்கள். சர்க்கரையையும் பரிசோதித்துவிடுங்கள். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. 28 வயதுதானே என்று விட வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் முதுகளவு காயம் சீக்கிரம் ஆறாது.

எபேனில் கணினி வேலை என்றீர்கள், நாள் முழுக்க நாற்காலியாகத்தான் இருக்கும். அவுட்லைன் முடிந்து மூன்று நான்கு நாள் முதுகைச் சாய்க்க முடியாது. வெள்ளிக்கிழமை மாலை குத்திக்கொண்டு, திங்கள் ஒரு நாள் விடுப்பும் எடுங்கள். பழைய பருத்திச் சட்டை போடுங்கள். காலையில் சட்டையோ படுக்கை விரிப்போ முதுகில் ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது, ஷவரில் நின்று வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட்டால் தானாக விடும்.

பணத்தைச் சிட்டிங் சிட்டிங்காகக் கொடுங்கள். முன்பணம் கேட்பது நியாயம், வரைவதற்கும் நாள் ஒதுக்குவதற்கும் அது. அது கடைசி சிட்டிங்கில் கழியுமா, நீங்கள் நாளை மாற்றினால் என்ன ஆகும், அவர் தீவை விட்டுப் போனால் என்ன ஆகும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். மொத்தத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள், தள்ளுபடி தந்தாலும் வேண்டாம்.

அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். ஜப்பானில் டிராகன் பேய் இல்லை, மழைக்கும் கடலுக்கும் அதிபதி. நெருப்போடு போராடியவர்கள் அதை முதுகில் ஏற்றிக்கொண்டதும் அதனால்தான். பௌத்தத்தோடு நம் நாகமும் அந்தப் பக்கம் போய் டிராகனோடு கலந்தது என்றும் சொல்லுங்கள். இன்னொன்று: ஜப்பானியர்கள் வணங்கும் பென்சைதென் நம் சரஸ்வதிதான். கையில் பீவா என்ற தந்தி வாத்தியத்தோடு, பக்கத்தில் டிராகனோடு அவளை வரைவது அங்கே பழைய வழக்கம். உங்கள் மனதுக்கும் அது பிடித்தால் கலைஞரிடம் கேட்டுப் பாருங்கள். அம்மாவைச் சமாதானப்படுத்த மட்டும் சேர்ப்பதாக இருந்தால் வேண்டாம், சாகும்வரை சுமக்கப் போவது நீங்கள். முடிந்தால் வரைவு காட்டும் நாளில் அம்மாவையும் கூட்டிப் போங்கள். ஒரு தாயின் கேள்விகளுக்கு அவர் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்று பார்த்தால், அவரைப் பற்றி உங்களுக்கே பாதி தெரிந்துவிடும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இவர் நம்பத் தகுந்தவராகத்தான் எனக்குத் தோன்றுகிறார், வரைவு காட்டச் சம்மதித்தால். ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று தெரியாவிட்டால் இந்த வாரமே மருத்துவரைக் கேளுங்கள். மூன்று ஊசி, முதல் ஊசியிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. இப்போது தொடங்கினால், முதல் சிட்டிங்குக்கு நாள் குறிக்கும்போது அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.